ஒத்தவாசல் மைதானம்

ரொம்ப ரொம்ப முன்னால, நம்ம ஒடைமரத்துப்பட்டிக்குக் கரண்டு வராத காலத்துல, பேச்சிமுத்து பாட்டையான்னு ஒருத்தர் இருந்தாராம். சும்மா இருந்தாருன்னு நினைக்காதீங்க. சீமைக்குப் போயி, பந்து போட்டுச் சம்பளம் வாங்கின மனுசன்! ஏ, சிரிக்காதீங்கலே. ரன்னு எத்தனை, விக்கெட்டு எத்தனைன்னு எவனாவது கேட்டான், நான் எந்திச்சுப் போயிருவேன்.

பருத்தி மில்லுல மூட்டை தூக்கிட்டிருந்தவரு. மில்லு தொரைக்குச் சாயங்காலம் ஆனா மட்டை பிடிக்கணும், பந்து போட ஆளு வேணும். இவரைக் கூப்பிட்டாரு. இவரு போட்ட பந்து காத்துல மிதந்து மிதந்து வருமாம். தொரை காலை முன்ன வைக்கவா பின்ன வைக்கவான்னு முழிப்பாராம். அதுக்குள்ள குச்சி விழுந்து கிடக்குமாம். "நீ மூட்டை தூக்குற ஆளே இல்லப்பா"ன்னு கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டே போயிட்டாரு.

அங்க ஜில்லாவுக்கு ஒரு டீமாம். கவுண்டின்னு பேராம். காசு வாங்காம ஆடுற தொரைமாரு கொஞ்சப் பேரு, சம்பளத்துக்கு ஆடுறவங்க கொஞ்சப் பேரு. எல்லாரும் ஒரே டீமுதான். ஆனா மைதானத்துக்குள்ள எறங்க வாசல் ரெண்டு! தொரைமாருக்கு நடுவுல பெரிய வாசல், படிக்கட்டு, ரெண்டு பக்கமும் ரோசாச்செடி. சம்பளக்காரங்களுக்கு ஓரமா, அடுப்படிப் பக்கமா ஒரு சின்ன வாசல். வெள்ளைக்காரனா இருந்தாலும் சம்பளம் வாங்கினா அந்தச் சின்ன வாசல்தான், கேட்டுக்கோங்க.

பாட்டையாவுக்கு அந்தப் பெரிய வாசல் மேல ஒரு ஆசை விழுந்துட்டு. கண்ணை மூடினா அதுதான் வருமாம். பனிக்குள்ள அந்தக் கதவு தானாத் தெறக்குமாம். இவரு படியேறுவாராம், ஏறுவாராம், ஏறிக்கிட்டே இருப்பாராம். உள்ள கால் வைக்கப் போறப்ப முழிப்பு வந்துருமாம். வருசா வருசம் இதே கனா.

அப்படியே போயி, ஒரு வருசம் கடைசி ஆட்டம் வந்துது. அன்னைக்குச் சாயங்காலம்தான், அடுத்த வருசத்துக்கு யாரை வச்சுக்கிடுறதுன்னு சொல்லுவாங்களாம். ஊரெல்லாம் பனி. சூரியன் நெலா மாதிரி வெளிறிப்போயி நிக்குது. வெள்ளை உடுப்புக்காரங்க தூரத்துல தெரியுதாங்க, கரையுதாங்க, மறுபடி தெரியுதாங்க. கடைசி ஜோடியா, டீமுக்குக் கேப்டனா இருந்த ஒரு தொரையும் நம்ம பாட்டையாவும் ஆடுதாங்க. ஓடுறப்ப தொரைக்கு முட்டி பிசகிட்டு. நொண்டி நொண்டியே ஆடி, எப்படியோ ஜெயிச்சுட்டாங்க. ஆனா தொரையால ஒரு எட்டு எடுத்து வைக்க முடியல.

பாட்டையா என்ன செஞ்சாரு? மூட்டை தூக்கின முதுகுல்லா! தொரையை அப்படியே முதுகுல ஏத்திக்கிட்டாரு. பனிக்குள்ள நடக்காரு, நடக்காரு, பெரிய வாசலுக்கே வந்துட்டாரு. ரோசாப்பூ வாசம் மூஞ்சில அடிக்கி. கனாவா நெசமான்னே தெரியல அவருக்கு.

வாசல்ல டீமு செக்ரட்டரி நிக்காரு, ஆளை வச்சுக்கிடுறதும் அனுப்புறதும் அவரு கையிலதான். "வா வா, இன்னைக்கு நீயும் இப்படியே வா. தூக்கிட்டுதான வாற"ன்னாராம்.

பாட்டையாவுக்கு எத்தனை வருசத்து ஆசை! ஒரு எட்டு வச்சா உள்ள. வைக்கல. தொரையை மெதுவா எறக்கி, படியில உக்கார வச்சாரு.

"ஏன் நின்னுட்ட?"ன்னாரு செக்ரட்டரி.

"சொமை தூக்கினா மட்டும் தெறக்கிற வாசல் எனக்கு வேண்டாங்கய்யா."

"பாத்துப் பேசு. அடுத்த வருசம் வேலை வேணுமா வேண்டாமா?"

பாட்டையா திரும்பி, ஓரமா நடந்து, அந்தச் சின்ன வாசல் வழியாவே உள்ள போனாரு. கண்ணுல தண்ணி கொட்டுச்சுன்னு சொல்லுதாங்க. பனின்னும் சொல்லுதாங்க. எனக்கென்னமோ அழுதாருன்னுதான் தோணுது. வேலை போயிட்டு. கப்பலேறி ஊருக்கு வந்துட்டாரு.

வந்தவரு சும்மா இருந்தாரா? ஊருக்குக் கெழக்க பொட்டலைத் திருத்தி, சுத்தி மண்சுவரு வச்சு, ஒரு வாசல் விட்டாரு. கீழத்தெருக்காரங்க வந்தாங்க. மேலத்தெருக்காரங்களுக்கும் ஆடணும்னு ஆசை. ஆனா அந்த வாசல்ல நொழையக் கூச்சம். ராவோட ராவா அவங்க பக்கம் தனியா ஒரு வாசல் வெட்டிட்டாங்க.

காலையில பாட்டையா பாத்தாரு. கையில இருந்த பந்தை மடியில கட்டிக்கிட்டாரு. "வாசல் ரெண்டுன்னா என் பந்து மடியிலயே கிடக்கட்டும்"னுட்டாரு.

சண்டை போடல, வையல. தெனமும் வந்து ஒடைமரத்தடியில உக்காந்திருப்பாராம், மடியில பந்தோட. மேலத்தெருப் பையங்க எத்தனை நாளு பொறுப்பானுவ? சீமையில தொரைமாரை முழிக்க வச்ச பந்துல்லா! ஒருநாளு அவனுவளே மண்ணைக் கொழைச்சு, வெட்டின வாசலை அடைச்சானுவ. சுத்திவந்து, இந்த வாசல்ல நின்னானுவ. பாட்டையா மடியை அவுத்தாரு.

அதுலயிருந்துதான் அது ஒத்தவாசல் மைதானம். போன பெருமழையில வடக்குச் சுவரு முழுக்க விழுந்துட்டு, நீங்களே பாத்திருக்கீங்க. அந்த வழியா ஆடு போகும், மாடு போகும். ஆட வாறவன் எவனும் போக மாட்டான். கால் முறிஞ்சவனைக் கொண்டுபோனாலும் சுத்தித்தான் கொண்டுபோவாங்க. தூக்குறவனும் அந்த வாசல்தான், முதுகுல இருக்கிறவனும் அந்த வாசல்தான்.