சொந்தத் தெருவுக்குக் கிடைக்காத ஃபெல்லோஷிப்

"எங்கப்பா கை ஏன் நாறுதுன்னு எழுதறதுக்கு ஒரு மெட்ராஸ்காரிக்கு ஃபெல்லோஷிப் குடுத்துட்டாங்கம்மா. எனக்கு இல்லியாம்."

ஆம்பூரில் ஏறிய தாயும் மகளும் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகள் மானிடவியல் ஆராய்ச்சி மாணவி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"இன்னாத்துக்கு இல்லியாம்?"

"தோல் பதப்படுத்துற ஷாப்புல வேலை செய்றவரு பொண்ணு, தோல் ஷாப் தெருவ ஆராய்ச்சி பண்ணக் கூடாதாம். எனக்குத் தள்ளி நின்னு பாக்க வராதாம். மலைப் பக்கம் ஏதாச்சும் ஊரப் பாரும்மான்றாரு இன்டர்வியூல ஒருத்தரு."

"அங்க உனக்கு யார்டி தெரியும்?"

"யாரயும் தெரியாது. அதான் வேணுமாம்."

மகள் போனை எடுத்து அம்மாவிடம் நீட்டிக் காட்டினாள்.

"இன்னும் கேளு. கெடச்சவ காலைலேர்ந்து எனக்குப் போன் பண்றா. நம்ம தெருவுல அவகிட்ட யாரும் பேச மாட்டாங்களாம், நான் கூடவே வரணுமாம். நம்ம வீட்லயே தங்கிக்கறாளாம்."

எனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

அந்தப் பெண்ணின் போன் மறுபடியும் அடித்தது. "அவதாம்மா" என்றாள். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவ அம்மா பேசறேன். வாம்மா, தங்கு, சாப்புடு. ஆனா எங்க வூட்டுக்காரரு வாயத் தொறக்கணும்னா, நீ எழுதறதுல உன் பேரு பக்கத்துல என் பொண்ணு பேரும் வரணும். வருமா, வராதா?"

காட்பாடியில் எல்லோரும் இறங்கினோம். அம்மா போனைக் காதில் வைத்தபடியே பிளாட்பாரத்தில் நின்றாள்.

"இன்னாம்மா, லைன்ல இருக்கியா? வருமா, வராதா?"