மூன்று, ஐந்து, இரண்டு

பகல் மூன்று மணி. ராத்திரி இல்லை... பட்டப்பகல். புனே பக்கத்தில் சாஸ்வட் ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு, ஆள் நடமாட்டமே இல்லாத மண் சாலை. வைஷு, அந்த டார்ச்சை அணை. மீனு இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். அவள் பெரியப்பா பக்தவத்சலத்துக்கு நடந்தது இது.

அங்கே ஒரு ரேடியோ தொலைநோக்கி நிலையம். பெரிய பெரிய இரும்புக் கிண்ணங்கள், வானத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும். பக்கத்தில் மொபைல் இருந்தால் அதையும் பிடித்துவிடும். அதனால் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மீறி நுழையும் சிக்னலைக் குப்பை என்று பதிவிலிருந்து அழிப்பதுதான் பெரியப்பாவின் வேலை.

அந்த வருஷம் வேறொரு சூரியனிடமிருந்து ஒரு கல் நம் வானத்தைக் கடந்து போக வந்தது. கல் இல்லை, யாரோ அனுப்பியது என்றார் கூட வேலை பார்த்த சந்திரமௌலி. அவருக்கு ஆஸ்துமா. சிரித்தால் கடைசியில் ஒரு விசில் வரும்... ஹ்ஹீய்ங். கேன்டீனில் அவரை ஓட்டாத ஆளில்லை.

பெரியப்பாவுக்குக் குறும்பு. குறும்பா அது? கொழுப்பு. கிண்ணங்கள் அந்தக் கல்லைப் பார்க்கும் பகல் மூன்று மணிக்கு, அந்த மண் சாலைக் கரும்புக்குள் காரை நிறுத்தி, ஒளித்து வைத்திருந்த பழைய போனை ஆன் செய்து ஆஃப் செய்தார். மூன்று தடவை... ஐந்து... இரண்டு. இப்படியே மூன்று நாள். நிலையத்துத் திரையிலும் அதே கணக்கு விழுந்தது.

"சார், நம்ம போன் ஏதாவதான்னு பாத்துடுங்க." கேட்டவர் சந்திரமௌலி.

"பாத்துட்டேன் சார். சுத்தம். மேலேர்ந்துதான் வருது."

நாற்பது பேர் கூடிய ஹாலில் சந்திரமௌலி எழுந்து, நாம் தனியாக இல்லை என்று சொல்லி அழுதார். பெரியப்பா பையிலிருந்து போனை எடுத்து ஆட்டிக் காட்டினார். ஹாலே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். அன்று சாயங்காலம் அதே மண் சாலையில், அவர் ஸ்கூட்டர் மேல் கரும்பு டிராக்டர் ஏறியது. டீசலும் கரும்புச் சாறுமாக நாறிய இடத்தில்தான் உடம்பை எடுத்தார்கள்.

போனை நசுக்கி, புனேயில் ஔந்த் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டார் பெரியப்பா.

ஒரு வருஷம் போனது. கல் எங்கோ தொலைவில். கடைசியாக ஒரு முறை கிண்ணங்களை அதன் பக்கம் திருப்பினார்கள். பகல் மூன்று மணி. திரையில்... மூன்று. ஐந்து. இரண்டு.

பெரியப்பா கரும்புக்குள் ஓடித் தேடினார். யாரும் இல்லை. கிண்ணங்களை வேறு பக்கம் திருப்பினால் நின்றது. கல்லின் பக்கம் திருப்பினால் மறுபடி வந்தது. குப்பை என்று அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் செத்தவர் பேராவது மிஞ்சும். அந்த ஒரு தடவை மனுஷன் ஒழுங்காக நடந்துகொண்டார்.

அதே ஹால். அதே நாற்பது பேர்.

"சத்தியமா போன் இல்ல. மேலேர்ந்துதான் வருது," என்று அழுதார்.

"இந்தத் தடவ எந்தப் பையில வச்சிருக்கீங்க சார்?"

ஹாலே சிரித்தது. நிறைய நேரம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். ஏசி அறையில் டீசல் வாசனை... கரும்புச் சாறு வாசனை. எல்லாரும் வாயை மூடிய பிறகு, கடைசி வரிசைக் காலி நாற்காலியில் ஒருவர் மட்டும் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஹ்ஹீய்ங்.