தடை திறக்க ஒரு சட்டம்

யுத்த காலத்தில் ஒரு பிற்பகல், வெள்ளவத்தையில் நான் ஏறிய கொட்டாஞ்சேனை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். "ஆறு மணிக்குப் பிறகு பிள்ளை பிறக்கக்கூடாது எண்டு சட்டம் போடட்டாம்" என்று இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

"ஆரடி சொன்னது?"

"வவுனியாப் பக்கம் வயல் செய்யிற ஒரு கமக்காரர், அக்கா. பாராளுமன்றத்திலை முதல்ல என்ன சட்டம் வரவேணும் எண்டு ஊர் ஊராக் கேக்கத்தானே கந்தோரிலையிருந்து எங்களை வேலையா அனுப்பினவை. மற்ற ஆக்கள் குளம், றோட்டு, உரம் எண்டிச்சினம். இவர் இப்பிடிச் சொல்ல எல்லாரும் சிரிச்சிட்டினம். அவர் சிரிக்கேல்லை."

"ஏனாம்?"

"பொழுதுபடேக்கை மனுசிக்கு நோவெடுத்து, ட்ரக்டரிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர். ஆறு மணிக்கு மேல ஆமியின்ரை றோட்டுத் தடை திறக்காது. விடியும் மட்டும் றோட்டிலை நிண்டவை. பிள்ளை தங்கேல்லை."

"ஆமிக்காரன் இரங்கேல்லையோ?"

"காவலுக்கு நிண்ட பொடியன் தண்ணி கொண்டந்து குடுத்து, தானும் அழுதவனாம். திறக்க உத்தரவு இல்லையாம். 'அவனிலை எனக்குக் கோவம் இல்லை, பிள்ளை. அவன் திறக்கலாம் எண்டு ஒரு சட்டம் போடச் சொல்லுங்கோ' எண்டார்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"கந்தோரிலை சொன்னனியே?"

"சொன்னன். அது சட்டத்துக்குரிய விசயம் இல்லையாம், விடட்டாம். நாளைக்குக் கந்தோர்க் கூட்டத்திலை எழும்பி அதைத்தான் முதல்ல சொல்லப் போறன்."

"வேலை போயிடுமடி."

"அவர் சொல்லேக்கை அந்த மனுசி எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவ, அக்கா. நான் வெளிக்கிடேக்கை கையைப் பிடிச்சவ, கனநேரம் விடேல்லை."