லோரி நின்றால் லீவு

பிரிக்ஃபீல்ட்ஸ் பங்கீட்டு அரிசி வரிசையில் மூடுபனி இன்னும் கலையவில்லை. முன்னால் நின்றவர்களின் தலைகள் மட்டும் தனியே மிதப்பதுபோல் இருந்தது. எனக்கு முன்னால் ஒரே முதலாளியிடம் லோரி ஓட்டும் இருவர். இளைத்தவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் கலைந்தது.

"நான் தூங்குனதையெல்லாம் லீவுல கழிச்சிட்டாரு மச்சான், நம்ம தவுக்கே முதலாளி."

"எந்தத் தூக்கம்லா?"

"இந்தச் சண்டைக் காலத்துல பெட்ரோல் ஏது? கரி அடுப்புல ஓடுற லோரிதானே. ரவாங் காட்டுல கரி தீந்து நின்னுபோச்சு. ஆளு கொண்டுவர்ற வரைக்கும் லோரிக்கு அடியில படுத்திருந்தேன். லோரி நின்னா டிரைவருக்குச் சம்பளத்தோட லீவாம். இந்த வருஷத்து லீவு முடிஞ்சுதாம்."

"பாவி மனுசன். நல்லாவாச்சும் தூங்குனியா?"

"கனவு வந்துச்சு. கிள்ளான்ல மாமியார் வீட்டுல பொறந்த என் மகளைத் தூக்கி வச்சிருக்கேன். முகம் மட்டும் தெரியல. நேர்ல பாத்தாத்தானே மச்சான் கனவுல தெரியும்?"

மற்றவர் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு உனக்கு எங்க லோடு?"

"கிள்ளான்தான். இறக்குன உடனே திரும்பணும்னு உத்தரவு."

"திரும்புறதுக்கு ஏன்லா கரி ஏத்துற? போறதுக்கு மட்டும் ஏத்து."

"அங்கேயே நின்னுபோனா?"

"நின்னா லீவுன்னு அவருதானே சொன்னாரு. உன்கிட்ட கழிக்கத்தான் இனி ஒண்ணும் இல்லையே."

வரிசை நகர்ந்தது. இளைத்தவர் நகரவில்லை.

"மச்சான், ரயில் கேட்டைத் தாண்டினா மாமியார் வீடு. சரியா அந்த வாசல்ல நிக்குறதுக்கு எவ்வளவு கரி போடணும்?"