ஸ்ட்ரெச்சரை விட்டுக்கொடுக்காத வெர்னெல் டாகெட் அவர்களுக்கு

பொறுமை இழந்த பெருந்தகையே! மெம்பிஸ் நகர ஆம்புலன்ஸில் இருபத்தொன்பது ஆண்டுகள் சீறிச் சீறியே உயிர் காத்த சீமாட்டியே! எங்கள் மிஸ் வெர்னெல்லே!

"சாந்த சொரூபி" என்று இந்தப் பணி ஓய்வு வாழ்த்துமடலில் எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து வாசகம் வந்தது. அடித்துவிட்டோம். அப்படி ஒருவரை இந்த நிலையத்தில் நாங்கள் பார்த்ததே இல்லை!

அரிவாள் செல் ரத்தசோகை நோயாளி என்று அழைப்பு வந்தால் ஆகஸ்ட் வெயிலிலும் வண்டியின் ஏசியை அணைப்பீர்கள். குளிர் பட்டால் அவர்களுக்கு வலி கூடும். நாங்கள் வெந்தோம், அவர்கள் பிழைத்தார்கள். வலிமருந்தை ஏற்றாமல் வண்டியை நகரவே விடமாட்டீர்கள்.

லட்ரீஸை மறப்போமா? சர்ச் பாடகி. உயிர் போகிற வலியிலும் முத்துத்தோடும் லிப்ஸ்டிக்குமாக வந்தாள். அவசரப் பிரிவு வாசலில் நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தாரே!

"கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கா, இவளுக்கா வலி? அந்த நாற்காலில உட்காரட்டும்."

"போன மாசம் தலை கலைஞ்சு வந்தப்போ, போதை மருந்துக்கு அலையறவள்னு சொன்னீங்க. இன்னிக்கு நீங்க நம்பணும்னுதான் தாயே சிங்காரிச்சுட்டு வந்திருக்கா! இன்னும் என்ன வேஷம் போடணும், சொல்லுங்க!" என்றீர்கள்.

நோயாளியை பெட்டுக்கு மாற்றி ஸ்ட்ரெச்சர் திரும்பக் கைக்கு வராமல் வண்டி கிளம்பாது. தெரிந்தேதான் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறை கத்தியது.

"மிஸ் வெர்னெல், வண்டி எங்கே?"

"இங்கேதான் கண்ணு, வேர் விட்டு நிக்குது. இவளுக்கு ஒரு பெட் கொடுக்கச் சொல்லு, பிடுங்கிட்டு வரேன்."

பெட் வந்தது. எக்ஸ்ரே எடுத்தால், நோய் நுரையீரலிலும் இறங்கியிருந்தது. நாற்காலியில் விட்டிருந்தால் லட்ரீஸ் இன்று இந்த அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க மாட்டாள். அதற்கு மேலிடம் உங்களுக்குத் தந்த பரிசு, சஸ்பென்ஷன்! அதே மேலிடம் இன்று பித்தளைக் கேடயம் கொண்டுவந்து கை தட்டுகிறது. வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவும்.

நீங்கள் போகிறீர்கள், இனி எல்லோரையும் நாற்காலிக்கே அனுப்பிவிடலாம் என்று யாரோ நினைத்துவிட்டார்கள் போல. நேற்று அதே நோயோடு வந்த ஒரு பள்ளி மாணவனுக்கும் நாற்காலியைத்தான் காட்டினார்கள். அவனுக்கு பெட் கிடைத்துவிட்டது, மிஸ் வெர்னெல். கவலை வேண்டாம்.

மூட்டுவலி தீர்ந்து, பேரப்பிள்ளைகளோடு மீன் பிடித்து, நூறாண்டு இதே கோபத்தோடு வாழ்க!

இப்படிக்கு,
வடக்கு நிலைய ஊழியர்கள் அனைவரும்
(நேற்று மாலை முதல் சஸ்பென்ஷனில் இருக்கும் இருவர் உட்பட)