பூட்டிக் கெடந்த ஏழாவது வாசல்

— உன் புத்தகத்தப் பத்தி நெட்டுல இன்னொருத்தன் எழுதியிருக்கான், கேளு. "ஏழு வாசல் என்று சொல்லிவிட்டு ஆறு வாசலைத்தான் காட்டுகிறார். ஏழாவது பூட்டியிருக்கிறதாம். சாவி எழுத்தாளர் வீட்டு அலமாரியில் இருக்கிறதோ?" கீழ ஒரு கூட்டமே சிரிச்சு வச்சிருக்கு மாப்ள.

— விடு மாரி. கோயம்புத்தூர்ல திராட்ச லோட இறக்கிட்டு நேரா வரேன். செல்லுல சார்ஜு இல்லாமக் கெடந்துச்சு. உத்தமபாளையம் வந்து போட்டா, உன் மிஸ்டு காலா வந்து விழுகுது. இதச் சொல்லத்தானா?

— இதுக்கில்ல, வேற ஒண்ணு இருக்கு. மொதல்ல கசப்பக் கேட்டுக்க, அப்பத்தான் அது இனிக்கும். இங்கன உக்காரு, பேன் இந்தப் பக்கந்தான் சுத்தும். கம்ப்யூட்டர் சென்டர மூடிப்போட்டு உங்கதைய டைப் அடிச்சவன் நானு. உன்னைய விட எனக்குத்தான் வயிறு எரியுது.

— படிச்சவனுக. நாலுஞ் சொல்லுவானுக.

— இந்தா, சென்னைக்காரன். "ஆத்தடி ராச்சியம் என்ற இந்த மாயக் கதையில், ஐந்தாம் அத்தியாயத்தில் ராணி திடீரென்று வயிற்றில் கட்டி வந்து சாகிறாள். கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

— சம்பந்தம் இருக்கு.

— உங்கம்மா, சங்கிலியம்மா அத்தை செத்ததத்தான் எழுதியிருக்கன்னு எனக்குத் தெரியும். அத்தைக்கும் வயித்துல கட்டிதான. படிக்கிறவனுக்கு எப்படிடா தெரியும்?

— தெரிய வேண்டியவகளுக்குத் தெரியும்.

— இப்படியே பேசு. ஆத்துக்குள்ள போன ராசாத்திக்கு வருசா வருசம் பாவாட வச்சுக் கும்பிடுறாகன்னு எழுதியிருக்கியே, அது இங்கிலீசுப் படத்துல திருடுனதாம். எனக்கு வந்துச்சே கோவம். நம்ம பக்கம் வயசுப்புள்ள செத்தா கன்னிச்சாமியாக்கிக் கும்பிடுறதில்லயா? பொட்டியில பாவாட, வளையல் வச்சுத் தையில படைக்கிறதில்லயா? அந்தப் பயலுக்கு என்னா தெரியும்.

— நீ என்ன பண்ணுன?

— பதில் போட்டேன். இது திருட்டுமில்ல, கட்டுக்கதையுமில்ல. எம் மாப்ள திலீபன் தங்கச்சி கயலு முல்லையாத்துல தண்ணியோட போயிருச்சு. பாவாட மட்டுந்தான் கரையில கெடந்துச்சு, ஒடம்பு கூடக் கெடைக்கல. அவளத்தான் அந்த வீட்டுல சாமியாக் கும்பிடுறாகன்னு எழுதினேன். நம்ப மாட்டானுகன்னு போட்டோவும் போட்டேன்.

— எந்தப் போட்டோவ?

— உங்க வீட்டுல மால போட்டு மாட்டியிருக்குமே, ரெட்டச் சடையும் புருவத்துத் தழும்புமா. படையலன்னைக்குச் செல்லுல எடுத்து வச்சிருந்தேன்.

— யாரக் கேட்டுப் போட்ட?

— கோவப்படாத. சிரிச்ச பயலுகள்ல பாதிப் பேரு மன்னிப்புக் கேட்டுட்டானுக. அதுக்கும் மேல ஒண்ணு நடந்திருக்கு. கையக் குடு மாப்ள. கயலு சாகல.

— எவன் சொன்னான்?

— என்னடா இப்படி வெளிறிப் போயிட்ட? வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காத் தோட்டத்துல வேல பாக்குற மலையாளத்துப் பையன் ஒருத்தன் எழுதியிருக்கான். இந்தச் சேச்சி எங்க ஸ்டோர்ல காய் தரம் பிரிக்கிறாக, பேரு வேற சொல்றாக, ஆனா புருவத்துத் தழும்பு அதேதாங்கறான். ரெண்டு பிள்ளைகளாம். எஸ்டேட் பேரு, லயன் வீட்டு நம்பரு, எல்லாம் போட்டிருக்கான். சிரிடா கொஞ்சம்.

— அழி.

— என்னது?

— அவன் எழுதுனத, நீ எழுதுனத, போட்டோவ, எல்லாத்தையும் அழி. இப்பவே.

— கிறுக்குப் பிடிச்சிருச்சா? செத்துப்போனான்னு நெனச்ச தங்கச்சி...

— நான் நெனைக்கல. பாவாடையக் கரையில போட்டதே நாந்தான்.

— என்னடா சொல்ற?

— காலனியில சுருளின்னு இருந்தான்ல, மெக்கானிக்கு.

— அவன் அதுக்கு முந்தியே திருப்பூருக்குப் போயிட்டானேடா.

— திருப்பூருன்னு ஊருக்குச் சொன்னான். மலை மேல போயிக் காத்துக்கிட்டிருந்தான். நான் கயலக் கம்பத்துல ஜீப்பு ஏத்திவிட்டுட்டு, திரும்பி வந்து பாவாடைய நனைச்சுக் கரையில போட்டுட்டுக் கத்துனேன். ஓடிப்போயிட்டான்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் தேடிப்பிடிச்சு வெட்டியிருப்பாக.

— மாமாவையா சொல்ற? முத்துவீரன் மாமா ஒவ்வொரு படையலுக்கும் கண்ணீர் விடுறாகடா. நானே பாத்திருக்கேன்.

— அவ ஆத்துல போயிட்டான்னதும் எங்கப்பா என்ன சொன்னாக தெரியுமா? "அவங்கூடப் போயி நம்மளத் தலகுனிய வைக்காம, மானத்தக் காப்பாத்திட்டுப் போயிட்டா எம் மக. இனி அவதான் நம்ம வீட்டுச் சாமி"ன்னாக. செத்ததுனாலதான் சாமி மாரி. அந்தக் கண்ணீரு செத்தவளுக்கு.

— அப்ப இந்தப் புத்தகம்?

— அவகூடப் பேச எனக்கு வேற வழியில்ல. அவ கதப்புத்தகம்னா சோறு தண்ணிய மறந்துருவா. எங்கையாவது அவ கண்ணுல பட்டுறாதான்னுதான் அச்சடிச்சேன், நீ கம்ப்யூட்டர்ல போடுறேன்னதுக்கும் அதுக்குத்தான் சரின்னேன். ராணி செத்துட்டான்னா, அம்மா போயிட்டான்னு அவளுக்குப் புரியும். ஏழாவது வாசல்னா மலையில இருந்து நம்மூருக்கு இறங்குற மேட்டுப்பாதை. அது பூட்டியிருக்குன்னா, அம்மா காரியத்துக்குன்னு கீழ இறங்கி வந்துராத ஆத்தான்னு அர்த்தம். ஊரே காறித் துப்பட்டும். அவ ஒருத்தி படிச்சாப் போதும் எனக்கு.

— எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா.

— சொல்லியிருந்தா உனக்குத்தான் பாரம். அழிச்சிட்டியா?

— அழிச்சிட்டேன். இந்தா பாரு, ஒண்ணுமில்ல.

— நல்லவேள, எங்கப்பாவுக்கு இந்த டப்பாவத் தொறக்கக்கூடத் தெரியாது. உன் பைக் சாவியக் குடு. இருட்டுறதுக்குள்ள மேல ஏறி, அவுகள அங்கன இருந்து வேற எடத்துக்குக் கெளப்பிவிட்டுர்றேன். குடுடா.

— உனக்குத்தான் மொதல்ல போன் போட்டேன் மாப்ள. ஸ்விட்ச் ஆப்புன்னே வந்துச்சு.

— அதுக்கு?

— நல்ல சேதிய எம்புட்டு நேரம் வச்சுக்கிட்டிருக்கதுன்னு மாமாவ வரச் சொல்லிட்டேன். காலையில வந்தாக. நீ உக்காந்திருந்த சேர்லதான் உக்காந்தாக. நான் வாசிச்சுக் காமிச்சேன். போட்டோவ வெரலால தடவிப் பாத்தாக. எடம் எங்கனன்னு கேட்டாக, சொன்னேன். உங்க சித்தப்பாவ வரச் சொல்லி, தோட்டத்துக்கு ஆளேத்துற ஜீப்ப அப்படியே வாடகைக்குப் பிடிச்சாக.

— எப்ப? எப்படா கெளம்புனாக?

— இந்நேரம் போய்ச் சேந்திருப்பாக. நான் சந்தோசத்துல கேட்டேன்டா, "இனிமே கன்னிப் படையல் வேண்டியதில்லைல மாமா"ன்னு. "அது பாட்டுக்கு நடக்கும் மருமகனே"ன்னு சொல்லிட்டுத்தான் ஜீப்புல ஏறுனாக.