சொல்லாமல் போன இரண்டாவது எண்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, அரூரிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் தங்கை பானுமதி அவர்களே! வணக்கம்.

இயற்பியல் ஆசிரியர் முனிராஜ் போய்விட்டார். நம் அறிவியல் மன்றத்தின் செயலாளர் முனிராஜ் போய்விட்டார்! கரண்ட் அடித்து இறந்தார் என்று ஊர் பேசுகிறது. வீட்டில் அவர் செய்துவந்த உயர் மின்னழுத்த மின்மாற்றியே எமன் என்கிறார்கள். அவர் மனைவி, தங்கை பானுமதியும் நேற்று, "அண்ணா, அத வூட்ட வுட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. பாத்தாலே வயிறு எரியுதுங்க" என்றார்.

பெரியோர்களே, முனிராஜா அவசரப்பட்டு ப்ளக்கைச் சொருகியிருப்பார்?

"சார், ஒரே ஒருக்கா பொறி பறக்க வுடுங்க சார்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "பொறுடா. ரெண்டு காயிலையும், அதான் இந்தக் கம்பிச்சுருள, ரொம்பக் கிட்ட வெச்சா சுருளே கருகிடும். தூர வெச்சா பொறியே வராது. அளக்காம போட்டா உன் மீசதான் பறக்கும். அதுவும் இன்னும் மொளைக்கல" என்பார்.

அந்த மின்மாற்றியில் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்றையொன்று தொடாது, ஆனாலும் ஒன்றில் நடப்பது மற்றதில் தெரியும். எவ்வளவு தெரியும்? ஒரு வண்டியை இருவர் சேர்ந்து தள்ளட்டும். பிறகு ஒருவர் எதிர்ப்பக்கம் போய்த் தள்ளட்டும். அவர் பலம் என்ன என்பது அந்த வித்தியாசத்தில் தெரிந்துவிடும். முனிராஜும் அப்படித்தான். சுருள்களைத் தொடராக இணைத்து ஒருமுறை மீட்டரில் அளப்பார். ஒன்றின் முனைகளை மாற்றி இணைத்து மறுமுறை அளப்பார். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் விடை.

எண்ணைச் சத்தமாகச் சொல்வார். அடுப்படியிலிருந்து பானுமதி திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டின் வழக்கம் அது. "தாளிக்கிற சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க. அந்தக் காயிலையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க!" என்று ஏசுவார். ஏசினாலும் எண்ணைத் தப்பாமல் சொல்லிவிடுவார்.

அன்று மாலையும் முதல் எண் வந்தது. தங்கை திருப்பிச் சொன்னார். இரண்டாவது எண் வரவில்லை. போய்ப் பார்த்தால், முனிராஜ் மார்பைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். மாற்றி இணைக்க வேண்டிய கம்பிமுனை மறு கையில் இருந்தது. ப்ளக் சுவரில் இல்லை. மீட்டரோ பேட்டரியில் ஓடுவது. மாரடைப்பு என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அந்த மின்மாற்றி அவரைக் கொல்லவில்லை, தங்கையே. கொல்லவில்லை!

உங்கள் விருப்பப்படி அதைப் பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துவருகிறோம். மன்றத்தின் சார்பில் ஓர் உறுதி தருகிறேன்: அளந்து முடிக்காமல் அதில் மின்சாரம் பாயாது. அவர் கையில் நின்றுபோன கம்பிமுனையை நாங்கள் மாற்றி இணைப்போம். ஆனால் முதல் எண்ணை மறுபடி அளக்கமாட்டோம். எழுதிவைக்காத அந்த எண் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. மனம் வரும் நாளில் வாருங்கள். இரண்டாவதை நாங்கள் சத்தமாகச் சொல்கிறோம். திருப்பிச் சொல்ல எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?